திரையில் நாம் காணும் தாராவி

பகலெல்லாம் உழைத்து இல்லம் திரும்பியபின், தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ தொடர்க்கதை ஒன்றைக் காண்பது இன்று நம் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. அத்திரையில் நம் தாராவியே தோன்றுமாயின் ஆவல் பெருகுவது இயல்பே. ஆயினும், அங்கே காட்டப்படுவது எவருடைய தாராவி என ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையன்றோ?

1987-ஆம் ஆண்டில் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' வெளிவந்தது. தூத்துக்குடியிலிருந்து தப்பிவந்த சிறுவன் வேலு, பம்பாயில் ஏழைகளின் காவலனாகவும் சட்டத்தின் பகைவனாகவும் வளர்கிறான். கமல்ஹாசனின் நடிப்பும், தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவித் தெருக்களும் தேசிய விருது பெற்றன. அப்படத்தின் ஏற்றத்தில் ஐயமில்லை. ஆனால் பின்வந்தோர் பலர், வேலுவின் உள்ளத் துயரை விடுத்து அவன் கைக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

2022 நவம்பரில் எம்எக்ஸ் பிளேயர் தளத்தில் வெளியான 'தாராவி பேங்க்' என்னும் இந்தித் தொடர் இதற்குச் சான்று. சுனில் ஷெட்டி 'தலைவன்' என்னும் தமிழ்க் குற்றத்தலைவனாகவும், விவேக் ஓபராய் அவனைத் துரத்தும் காவல் அதிகாரியாகவும் தோன்றுகின்றனர். விறுவிறுப்பு உண்டு. எனினும் தோல் தொழிலும் தையலும் இட்லி வணிகமும் செய்து வாழ்வோர் அதில் வெறும் பின்னணியே. அதே மாதத்தில்தான் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஒப்பந்தப்புள்ளிகளும் திறக்கப்பட்டன. குற்றத்தின் கூடாரம் என்ற பெயர் ஓர் ஊருக்கு நிலைத்துவிடுமாயின், அவ்வூரார் தம் வீட்டுரிமையைக் கேட்கும் குரல் எங்கே எடுபடும்?

வேறு வகைப் படங்களும் இல்லாமலில்லை. சுதீர் மிஸ்ராவின் 'தாராவி' என்னும் இந்திப் படத்தில், ஓம் பூரி ஏற்று நடித்த டாக்சி ஓட்டுநர் சொந்தத் தொழிற்சாலைக் கனவோடு போராடுகிறார். 2018-இல் பா. இரஞ்சித் இயக்கிய 'காலா'விலும் சண்டையும் குருதியும் உண்டு. ஆனால் நிலம் எவருக்கு என்பதே அதன் மையக் கேள்வி. தாராவி மக்கள் வேலைக்குச் செல்ல மறுத்ததும் மாநகரே தடுமாறுவதாக வரும் கட்டம், நம்மவர் உழைப்பின் அருமையை எந்தக் கத்திச் சண்டையையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது. தாராவி இளைஞரின் ராப் பாடலும் அப்படத்தில் இடம்பெற்றது பெருமைக்குரியது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து காணுங்கள். அவரவர் வயதுக்கு ஏற்றது எது என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். கண்டு முடித்தபின், "இக்கதையில் உழைத்து உண்பவர் யார்? பெண்களுக்கு என்ன இடம்? நம் தெருவில் நீ காண்பது இதில் உண்டா?" என வினவுங்கள். பிள்ளைகள் கூறும் விடையே சிறந்த திரை மதிப்புரையாகும். தம் ஊரைப் பிறர் வரைந்த படத்தில் மட்டும் கண்டு வளரும் பிள்ளை, தன் ஊரின் பெயரைச் சொல்லவே கூசும். உண்மையை அறிந்து வளரும் பிள்ளையோ நிமிர்ந்து நிற்கும்.