தம்பி பார்த்த கார்

தம்பி பழைய டர்போ கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, சும்மா பறக்குது!" என்றான். மெக்கானிக்கோடு நானும் போனேன். காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததைவிட டயர் அகலம். வண்டி தாழ்வாகத் தெரிய ஸ்பிரிங்கையே அறுத்திருந்தார்கள். நுனியில் ரம்பத் தடம்! பள்ளத்தில் இறங்கும்போது இடம் நழுவினால் என்னாவது? ஸ்கேனர் மாட்டிப் பார்த்த மெக்கானிக், என்ஜின் கம்ப்யூட்டரிலும் கை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"கழற்றின கம்பெனி சாமான் எங்கே?" என்றேன். விற்பவர் வாயே திறக்கலை. கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. தெரிவிக்காமல் மாற்றிய வண்டிக்கு, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் சந்தேகம்தான்.

தம்பிக்கு முகம் தொங்கிப் போச்சு. தொங்கட்டுமே! பழைய சாமான்களை மாட்டித் தந்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

- ஒரு வாசகி, கோவை