பரிசலில் கசிவு: கண்டறிதலும் அடைத்தலும்

காவிரி கருநாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டினுள் நுழையும் ஒகேனக்கல்லில் ஒரு கரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மறுகரை சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மீன் பிடிப்பதற்கும், அக்கரை செல்வதற்கும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கும் இரு கரை மக்களும் நம்பியிருப்பது பரிசலையே. கன்னடத்தில் இதனை ஹரிகோலு என்பர். 1520-ஆம் ஆண்டளவில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், கூடை போல் பின்னித் தோல் போர்த்திய வட்ட ஓடங்களில் மக்கள் ஆற்றைக் கடந்ததைப் பதிவு செய்துள்ளார். மூங்கில் பின்னல் இன்றும் அதேதான். தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பும் தார்ப்பூச்சும் பிடித்துக்கொண்டன.

பரிசல் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அதுவே தொழில், அதுவே மூலதனம். அந்த மூலதனத்துக்கு முதற்பகை கசிவு. இதனைச் சிறிதென்று எண்ணலாகாது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் நீர் உட்புகும். ஒரு மணி நேரத்தில் 80 லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். கட்டணம் செலுத்தாத ஒரு பயணி கூடுதலாக ஏறிக்கொண்டதற்கு அது சமம். அந்தப் பயணியோ ஓரிடத்தில் அமர்வதில்லை. பரிசல் சற்றே சாய்ந்தாலும் நீர் முழுவதும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை மேலும் மிகுவிக்கும். ஆபத்து எடையில் மட்டும் இல்லை; இந்த ஓட்டத்திலேயே பெரிதும் உள்ளது.

கசிவுதானா?

உள்ளே நீர் கிடப்பதெல்லாம் கசிவன்று. துடுப்பு தெறித்த நீரும், ஏறுவோர் காலோடு வந்த நீரும், மழைநீரும் இருக்கலாம். எனவே முதலில் நீரை முழுவதும் இறைத்து, துணியால் துடைத்து, ஓட்டமில்லாத கரையோரத்தில் ஆளின்றி அரைமணி நேரம் மிதக்க விட வேண்டும். நீர் ஊறவில்லையெனில் மணல் மூட்டைகளை ஏற்றி மீண்டும் பார்க்க வேண்டும். சுமை ஏறும்போது மட்டுமே விரியும் வெடிப்புகளும், விளிம்பை ஒட்டிய பக்கச்சுவரில் உள்ள கிழிசல்களும் இந்த இரண்டாம் சோதனையிலேயே வெளிப்படும்.

எங்கே நுழைகிறது?

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நீர் தென்படும் இடமே துளை உள்ள இடம் என்று கொண்டு, அங்கேயே தாரைப் பூசிவிடுகின்றனர். விரிப்பின் துளை வழியே புகும் நீர், விரிப்புக்கும் மூங்கில் பிளாச்சுகளுக்கும் இடையே ஓடி, தாழ்வான மற்றோர் இடைவெளியில் தலைகாட்டும். தோற்றம் ஓரிடம், தோற்றுவாய் வேறிடம்.

மூலத்தைக் கண்டறிய இரு வழிகள் உள்ளன. முதலாவது, பரிசலை நன்கு உலர்த்திக் கவிழ்த்து, நண்பகல் வெயிலில் ஒருவர் அதனடியில் புகுந்து பார்ப்பது. நேர்த்துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். இரண்டாவது, பரிசலைக் கற்களின் மேல் உயர்த்தி நிறுத்தி, உள்ளே சிறிதளவு நீர் ஊற்றி, வெளிப்புறம் எங்கே துளிர்க்கிறது என்று காண்பது. வெளிப்புறத்தில் உலர்ந்த சாம்பலைத் தடவி வைத்தால் முதல் ஈரம் உடனே புலப்படும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும். ஒன்றைக் கண்டதும் நிறுத்தாமல், அடிப்பகுதி முழுவதையும் பார்த்து முடிப்பது நலம்.

ஏன் நேர்ந்தது?

பாறையில் உரசிய துளை வெளியிலிருந்து உண்டாவது. முறிந்த பிளாச்சின் முனை குத்திய துளை உள்ளிருந்து உண்டாவது. வெயிலில் கிடந்து காய்ந்த தார் வலைப்பின்னலாக வெடிப்பது மூன்றாவது வகை. காரணத்தை நீக்காமல் துளையை அடைப்பதால் பயனில்லை. குத்தும் முனையை வெட்டி மழுக்காவிடில், ஒட்டிய துண்டையும் அது துளைத்துவிடும்.

எவ்வாறு அடைப்பது?

பழைய தாரைச் சுரண்டி, அந்த இடத்தை முற்றிலும் உலர்த்த வேண்டும். ஈரத்தின் மேல் சூடான தாரை ஊற்றினால் நீர் ஆவியாகிக் கொப்புளங்களை எழுப்பும்; அவையே நாளைய துளைகள். துளையைக் காட்டிலும் நாற்புறமும் நான்கு விரற்கடை அகன்ற விரிப்புத் துண்டை வெட்டி, தாரில் பதித்து, மேலும் ஒரு பூச்சு பூச வேண்டும். புகையும் அளவுக்குக் காய்ந்த தார் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். சற்று ஆறவிட்டே பூச வேண்டும்.

துண்டை எப்போதும் வெளிப்புறத்திலேயே ஒட்ட வேண்டும். வெளியே ஒட்டிய துண்டை ஆற்றுநீரின் அழுத்தமே உடலோடு சேர்த்து அழுத்தும். உள்ளே ஒட்டியதை அதே அழுத்தம் பெயர்த்தெடுக்கும். தார் இறுகிய பின்னர், முதலில் செய்த இரு மிதவைச் சோதனைகளையும் மீண்டும் செய்து, அதன் பிறகே ஆளேற்ற வேண்டும்.

பழுதுக்கும் ஒரு கணக்கு

எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. வரத்து மிகும்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத்துக்குத் தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது வழக்கம். வருமானமற்ற அந்த நாள்களைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கலாம். அதற்கான செலவை, தொழில் நடக்கும் மாதங்களில் சிறுகத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து வைக்கலாம்.

அடைக்க வேண்டிய இன்னொரு துளையும் உண்டு. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்கள் சேரலாம். ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். காப்பு சூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை நீடிக்கும். கட்டணம் கணக்கிலிருந்து தானே பற்று வைக்கப்படும். எனவே மே இறுதியில் கணக்கில் இருப்பு இருத்தல் வேண்டும். நீரில் மூழ்கி மரணம் நேர்ந்தால் காவல் துறையில் அது பதிவாகியிருத்தல் அவசியம் என்பதைக் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.

உயிர்காப்பு மேலாடை இன்றி எவரையும் ஏற்றாதிருப்பதும், நாள்தோறும் முதல் நடைக்கு முன் பரிசலின் அடியைக் கையால் தடவிப் பார்ப்பதும் செலவில்லாத காப்புகள்.