சன்னலை மாற்றுமுன் சற்றே சிந்தியுங்கள்!



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு எழும். "சன்னல் கதவு சாத்த வரவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிட வேண்டியதுதான்" என்பதே அந்தப் பேச்சு. குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருப்பார். செய்தி அவருக்குப் போகும். பணம் இங்கே வரும். ஒரு வாரத்தில் சுவரெல்லாம் இடிபட்டு, வீடெல்லாம் தூசி படிந்து, பளபளக்கும் புதுச் சன்னல்கள் வந்து நிற்கும். செலவு எவ்வளவு என்பதும், அதில் எவ்வளவு தேவையற்றது என்பதும் பிறகுதான் தெரியவரும்.

மத்ரஸாவில் பாடம் நடத்துபவருக்கு மரவேலையில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு நானும் அந்த வழியில் ஒரு காலை எடுத்துவைத்தவன்தான். அடுத்த காலை எடுத்துவைக்குமுன் ஒரு வயோதிக ஆசாரி என்னைத் தடுத்து நிறுத்தினார். அவரிடம் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் ஒன்பது சன்னல்கள். ஒவ்வொன்றும் நான்கடிக்கு நான்கடி. எல்லாம் தேக்கு. என் வாப்பா உயிரோடிருந்த காலத்தில், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்வித்தவை. மழையில் நான்கு சன்னல்களின் கதவுகள் சாத்த மறுத்தன. ஒன்றின் அடிச்சட்டம் கையோடு பெயர்ந்து வந்தது. இன்னொன்றைக் கரையான் தின்றிருந்தது.

பட்டறைக்காரர் ஒருவரை அழைத்தேன். அவர் அளவெடுத்தார், கணக்குப் போட்டார். யூபிவிசி நகரும் சன்னல், சதுர அடிக்கு 650 ரூபாய். ஒன்பது சன்னலுக்கும் 144 சதுர அடி. ஆக 93,600 ரூபாய். அதன்மேல் 18 சதவீத வரி 16,848 ரூபாய். "இவ்வளவுதானே" என்று மூச்சுவிட்டேன். "பழைய சட்டத்தைப் பெயர்த்துச் சுவரைப் பூச வேண்டும். சட்டத்தோடு இரும்புக் கம்பிகளும் போய்விடும். அதனால் புதிதாகக் கிரில் போட வேண்டும். அதற்கெல்லாம் 35,000" என்றார். மொத்தம் 1,45,448 ரூபாய்! "கையில் இல்லாவிட்டால் தவணையில் கட்டலாம்" என்றும் சொன்னார். வட்டி எவ்வளவு என்பதை நான் கேட்கவேயில்லை. அந்த வாசலை நாம் திறக்கப் போவதில்லை.

கையிலிருந்தது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒதுக்கிய தொகை. அதைத் தொடுவதா, வேண்டாமா என்று இரண்டு இரவு உறக்கமில்லை. என் உம்மா மட்டும், "அந்தச் சன்னல்களை ஒருமுறை ஆசாரியிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்" என்றார்கள். வாப்பாவின் நினைவால் சொல்கிறார்கள் என்றெண்ணினேன். ஆயினும் சொல்லைத் தட்ட மனமின்றி ஆசாரியை அழைத்துவந்தேன்.

நோய் எங்கே என்று பாருங்கள்

ஆசாரி கையில் அளவுநாடா இல்லை. ஒரு திருப்புளிதான் இருந்தது. ஒவ்வொரு சன்னலின் அடிச்சட்டத்திலும், கதவின் கீழ் மூலைகளிலும் அதை வைத்து அழுத்தினார். நல்ல மரத்தில் முனை இறங்காது. இற்றுப்போன மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பிறகு விரல் மடக்கித் தட்டினார். பொள்ளல் ஓசை கேட்டால் உள்ளே கரையான் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

ஒன்பது சன்னல்களில் மூன்றுக்கு வண்ணமும் கீலும் மட்டுமே தேவை. நான்கில் கதவின் அடிக்கட்டை மட்டும் இற்றிருந்தது. ஒன்றில் சுவரோடு பதிந்த அடிச்சட்டம் போயிருந்தது. குளியலறையை ஒட்டிய ஒன்றுதான் முழுவதும் கெட்டிருந்தது. "ஹஜ்ரத், ஒரு பல்லில் சொத்தை என்றால் முப்பத்திரண்டையுமா பிடுங்குவோம்?" என்று கேட்டார் அவர். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் கதவு சாத்த வராததை மட்டும் காரணமாகக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புவது இயல்பு. அப்போதே அவசரப்பட்டு இழைத்தால், வெயில் வந்ததும் மரம் சுருங்கி இடைவெளி விழும். அந்த வழியே அடுத்த மழை உள்ளே வரும். தை, மாசி வரை பொறுத்திருந்து, மரம் உலர்ந்த பின்னும் இடித்தால் அப்போது இழைக்கச் சொல்லுங்கள்.

மரக் கணக்கு

மரத்தைக் கன அடியில் விற்பார்கள். ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். நான்கடிச் சதுரச் சன்னலுக்கு, 4 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உள்ள சட்டம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 48 அங்குலம். நான்கு பக்கமும் சேர்ந்து 192 அங்குலம். 192ஐ 4ஆலும் 3ஆலும் பெருக்கினால் 2,304 கன அங்குலம். அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் கன அடிக்குச் சற்று மேல். கெட்டுப்போன அடிச்சட்டத்தை மட்டும் மாற்றினால் இதில் கால் பங்கு மரமே போதும். மற்ற மூன்று பக்கங்களும் கம்பிகளும் இருந்த இடத்தில் இருக்கும். சுவர் அதிகம் இடிபடாது. கிரில் செலவும் இல்லை. மரத்தில் மிஞ்சுவதைவிட இப்படி மிஞ்சுவதே பெரிது.

இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொண்டு மரக்கடைக்குச் செல்லுங்கள். தெரிந்து கேட்பவரிடம் கூட்டிச் சொல்லக் கடைக்காரர் தயங்குவார்.

இன்னொன்று. பழைய சன்னலைப் "பெயர்த்து எடுத்துப் போய்விடுகிறோம், அதற்குக் கூலி வேண்டாம்" என்று யாரேனும் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். பழந்தேக்கு குப்பை அன்று. காரைக்குடியில் இடிக்கப்பட்ட வீடுகளின் மரப்பொருள்களை விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. உங்கள் மரத்துக்கு விலை பேசிக் கணக்கில் கழியுங்கள். அல்லது வீட்டிலேயே வையுங்கள். எங்கள் வீட்டில் கெட்டுப்போன ஒன்பதாவது சன்னலின் மேற்சட்டம் நன்றாயிருந்தது. மற்றக் கதவுகளின் அடிக்கட்டைகளில் இரண்டு அதிலிருந்தே கிடைத்தன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மரத்தை மாற்றி, காரணத்தை மாற்றாவிட்டால் ஐந்தாண்டில் அதே கதை திரும்ப நடக்கும். மழை பெய்யும்போது வெளியே நின்று சன்னலைப் பாருங்கள். சன்ஷேடின் விளிம்பிலிருந்து நீர் நேரே கீழே சொட்டுகிறதா, அடிப்புறமாக ஊர்ந்து சுவருக்கு வருகிறதா? ஊர்ந்து வந்தால், விளிம்பை ஒட்டி அடிப்புறத்தில் கொத்தனாரைக் கொண்டு நீர் சொட்டுவதற்கான சிறு வரப்பு வைக்கச் சொல்லுங்கள். சன்னலின் வெளிப்புற அடித்திண்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உட்பக்கம் சரிந்திருந்தால் நீர் மரத்தின் காலடியில் தேங்கும்.

கடற்காற்றில் உப்பு உண்டு. மரத்தில் பதிந்த இரும்புக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது மரத்தைப் பிளக்கும். பிளவில் நீர் இறங்கும். ஆகவே கம்பி நுழையும் இடங்களைச் சுரண்டித் துருத்தடுப்பு வண்ணம் பூசுவது ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய சிறு வேலை. பெரிய செலவைத் தடுப்பது இத்தகைய சிறு வேலைதான்.

கரையானுக்கும் இதே விதிதான். சுவரில் மண் கோடு தெரிந்தால் முதலில் கரையானுக்கு மருந்தடியுங்கள். மருந்தடிக்காமல் யூபிவிசி போட்டால் கரையான் அதைத் தின்னாது. ஆனால் பக்கத்து அறையின் கதவு நிலைக்குக் குடிபோகும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமெனில்

சில சன்னல்களை மாற்றியே தீர வேண்டும். எங்கள் குளியலறை ஓரத்துச் சன்னல் அப்படிப்பட்டது. எந்நேரமும் ஈரம் படும் இடத்தில் மரத்தைவிட யூபிவிசியே தகும் என்று ஆசாரியே சொன்னார். அப்படி வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொன்ன விலையில் வரி, வண்டிக்கூலி, பொருத்தும் கூலி, கொசுவலை, கிரில் அடங்குமா? கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? யூபிவிசி என்றால் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்களா? அலுமினியம் என்றால் பவுடர் கோட்டிங் செய்ததா? வெறும் அலுமினியத்தை உப்புக்காற்று புள்ளி புள்ளியாக அரிக்கும். உருளையோ பூட்டோ கெட்டால் அதே வகை உதிரிப்பாகம் நம் ஊரில் கிடைக்குமா? மூன்றடி எட்டங்குலத்தை நான்கடி என்று எழுதாமல் உள்ள அளவுக்கே விலை போடுவார்களா? குறைந்தது மூன்று இடங்களில் ஒரே அளவைக் கொடுத்து விலை கேளுங்கள்.

காற்றையும் கணக்கில் சேருங்கள்

இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் சன்னலில், எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2005), ஈரமும் வெப்பமும் மிக்க பகுதிகளில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிக்காற்றுக்குத் திறக்கும் சன்னல்கள் இருக்க வேண்டும் என்றது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை என்றால் 120 சதுர அடி. அதற்கு 20 சதுர அடி சன்னல் வேண்டும். எங்கள் உம்மாவின் அறையில் இரண்டு சன்னல்கள், 32 சதுர அடி. நகரும் சன்னலாக மாற்றியிருந்தால் சன்னலின் பரப்பு குறைந்திராது. ஆனால் காற்று நுழையும் வழி 16 சதுர அடியாகிவிடும். உம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒன்றரை லட்சம் செலவழித்து அவர்களின் காற்றில் பாதியைப் பறித்திருப்பேன்! நல்லவேளை, தப்பினேன்.

நம் பழைய வீடுகளில், சாய்த்து அடுக்கிய சிறு பலகைகள் கொண்ட கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். காற்று உள்ளே வரும். தெருவில் போவோர் பார்வை உள்ளே வராது. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடுகிறோம். பிறகு மறைப்புக்காகத் தடித்த திரை வாங்குகிறோம். திரை காற்றைத் தடுப்பதால் மின்விசிறியைக் கூட்டுகிறோம். ஒரு செலவு இன்னொரு செலவை அழைத்துவருகிறது.

எங்கே சிக்கனம் கூடாது?

கீல், தாழ்ப்பாள், திருகாணி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். பித்தளை என்று சொல்லி, பித்தளை முலாம் பூசிய இரும்பை விற்பவர்கள் உண்டு. கையோடு ஒரு சிறு காந்தம் கொண்டு செல்லுங்கள். பித்தளையில் அது ஒட்டாது. குழந்தைகள் உள்ள வீட்டில் மாடிச் சன்னலின் கம்பி, கிரில் இவற்றிலும் குறைக்க வேண்டாம். தாழ்வான இடத்தில் கண்ணாடி வைத்தால், உடைந்தால் கூர்முனையின்றிச் சிறு மணிகளாகச் சிதறும் டஃபன்டு கண்ணாடியையே கேளுங்கள். புதிதாகச் சுவரில் பதிக்கும் மரத்தின் வெட்டுமுனைகளுக்கு முன்னதாகவே பிரைமர் பூசச் சொல்லுங்கள். மரம் நீரை மிகுதியாக உறிஞ்சுவது அந்த முனைகளால்தான். பதித்தபின் அங்கே தூரிகை எட்டாது.

முடிவில் ஆன செலவு

நாங்கள் செலவழித்ததைச் சொல்லிவிடுகிறேன். குளியலறை ஓரத்துக்கு நகரும் சன்னல் வேண்டாமென்று, முழுதும் திறக்கும் சன்னலாகச் சதுர அடி 750 ரூபாய்க்கு வாங்கினோம், வரியுடன் 14,160. அதற்குக் கிரில் 2,800. கொத்தனார், உதவியாள் கூலி 3,600. ஆசாரிக்கு ஏழு நாள் கூலி 8,400. மரம் 4,500. கீல், தாழ்ப்பாள் 3,600. வண்ணம் 3,900. மொத்தம் 40,960 ரூபாய். உங்கள் ஊரில் விலை கூடலாம், குறையலாம். ஆனால் முதலில் சொன்ன கணக்குக்கும் இதற்கும் இடையே எங்களுக்கு மிஞ்சியது 1,04,488 ரூபாய். மகளின் கட்டணம் குறித்த நாளில் செலுத்தப்பட்டது.

கையில் அவ்வளவும் இல்லாதவர்கள் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. தண்ணீரைத் தடுக்கும் வேலையை இந்த ஆண்டே செய்யுங்கள். மிகவும் கெட்ட சன்னலை அதன்பின் கவனியுங்கள். மற்றவை ஆண்டுக்கு இரண்டாக வரட்டும். கடனில்லாமல் மெல்லச் செய்த வேலை, கடன்பட்டு விரைந்து செய்ததைவிட உறக்கம் தரும்.

பழையது என்பதற்காக எதையும் காக்க வேண்டாம்; பழையது என்பதற்காகவே எதையும் எறியவும் வேண்டாம். அடுத்த முறை சன்னல் சாத்த வரவில்லை என்றால், பட்டறைக்குத் தொலைபேசி செய்யுமுன் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு சன்னலருகே செல்லுங்கள். எவ்வளவு செலவு என்பதை அந்த மரமே உங்களுக்குச் சொல்லும்.