ராட்சதர்கள் வாழ்ந்த ஏரிக்கரை

ஒரே கையால் ஆற்றை மறித்து மீன் பிடிப்பார்களாம். பனைமரத்தை வில்லாக வளைப்பார்களாம். அவர்கள் வாய் திறந்து கூப்பிட்டால் பறவைகளெல்லாம் பயந்து பறந்துவிடுமாம்!

ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே, சாட் ஏரியின் தென்கரையில் பாட்டிமார் பேரன் பேத்திகளுக்குச் சொல்லி வந்த கதை இது. கதாநாயகர்கள், முற்காலத்தில் அங்கே வாழ்ந்த ‘ஸாவோ’ என்ற ஜனங்கள்.

கதைக்குச் சாட்சியும் இருந்தது. அந்தப் பக்கத்து மேடுகளைத் தோண்டினால் ஆள் உயரத் தாழிகள் கிடைத்தன. இத்தனை பெரிய பானையைப் புழங்கியவர்கள் ராட்சதர்களாகத்தானே இருக்க வேண்டும்?

1936-ம் ஆண்டு முதல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களான மார்ஸெல் கிரியோலும் ழான்-போல் லெபஃபும் அந்த மேடுகளை முறையாகத் தோண்டினார்கள். தாழிக்குள் இருந்தது என்ன தெரியுமா? தாயின் வயிற்றில் குழந்தை இருப்பதுபோலக் கால்களை மடக்கி உட்கார வைத்த மனித உடலின் எலும்புகள். மேலே இன்னொரு தாழி மூடியாகக் கவிழ்த்திருந்தது. உள்ளே இருந்தவர்களோ நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தாம்!

மண்ணே செல்வம்

அந்தச் சமவெளியில் கல் கிடையாது. தானியம் அரைக்கும் கல்லைக்கூடத் தொலைவிலிருந்துதான் கொண்டு வரவேண்டும். ஆகவே ஸாவோக்கள் எல்லாவற்றையும் களிமண்ணிலேயே செய்துகொண்டார்கள். ஊரைச் சுற்றி மண் மதில், வீட்டில் மண் பாண்டம், பிதுங்கிய கண்களும் தடித்த உதடுகளும் கொண்ட சுடுமண் தலைகள், உள்ளங்கையில் அடங்கும் மிருக பொம்மைகள்! மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, வெண்கலத்தை ஊற்றி நகைகள் வார்க்கவும் அறிந்திருந்தார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு அளவிலேயே தொடங்கிய நாகரிகம் இது என்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது வினை. பக்கத்து போர்னு ராஜ்யத்தின் மன்னர் இத்ரிஸ் அலூமா துப்பாக்கிப் படையுடன் புறப்பட்டார். மரங்களை வெட்டினார், விளைந்த பயிரை அழித்தார். ஸாவோக்கள் தோற்றுச் சிதறினார்கள். அந்தப் போர்களின் வரலாற்றை எழுதியவர் யார்? மன்னருடைய அரண்மனை இமாம் இப்னு ஃபர்த்து! தோற்றவர்களின் கட்சியைச் சொல்ல ஏடு இல்லை, பானைகளே மிஞ்சின.

வாரிசுகள்

ஆனால் ஸாவோக்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. கோட்டோகோ, மூஸ்கூம், சாரா ஆகிய மக்களில் பலர் தங்களை அவர்களுடைய சந்ததியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். குஸேரி, லோகோன்-பிர்னி முதலிய கோட்டோகோ ஊர்கள் காமரூன் நாட்டில் இருக்கின்றன. இன்று இஸ்லாமியர்களான கோட்டோகோக்கள் பேர்பெற்ற மீனவர்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டுவார்கள். படகின் முனையில் இரண்டு நீண்ட கழிகளுக்கிடையே வலையை விரித்து, ஏற்றம்போல இறக்கித் தூக்குவார்கள்.

இவர்களுடைய அரசமுறையை ஆராய்ந்து 1969-ல் தனி நூலே எழுதியவர் ஒரு பெண்மணி. லெபஃபின் மனைவி ஆனி லெபஃப்தான் அவர். கணவருடன் சேர்ந்து மேடுகளைத் தோண்டியவரும் அவரே.

அந்த ஏரிக்கு என்ன நேர்ந்தது? 1960-களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சாட் ஏரி, மழை பொய்த்ததால் 1980-களின் நடுவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிறகு ஓரளவு தேறியிருக்கிறது. பழைய பரப்பு மட்டும் திரும்பவில்லை. 2021 டிசம்பரில் லோகோன்-பிர்னிப் பக்கத்தில் மூஸ்கூம் மீனவர்கள், விவசாயிகள் ஒரு பக்கமும், மாடு மேய்க்கும் அராபியர்கள் மறு பக்கமுமாகத் தண்ணீருக்காக மோதிக்கொண்டார்கள். கிராமங்கள் எரிந்தன. லட்சம் பேருக்குமேல் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். ஆற்றைக் கடந்து சாட் நாட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

ஒரு கையால் ஆற்றை மறித்தவர்கள் என்று யாரைப் பற்றிக் கதை சொன்னார்களோ, அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இன்று அந்த ஆற்றுத் தண்ணீர்தான் தீராத கவலை.