டிடிஆர் இன்றைக்கு வருவாரா?

திண்டிவனத்தில் கிளம்பும் பாசஞ்சர் வண்டி மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம் சேரும். தினமும் போகிறவர்களிடம் சீசன் டிக்கெட் இருக்கும். எப்போதாவது போகிறவர்களில் சிலருக்கு, கவுன்ட்டர் வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் ஒரு சபலம் தட்டும்: வித்தவுட்டில் போய்விடலாமா? டிடிஆர் இன்றைக்கு வருவாரா?

விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் டிடிஆருக்கும் இதே கேள்விதான், மறுபக்கத்திலிருந்து. சென்னை, விருத்தாசலம் வழியே திருச்சி, கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை வழியே காட்பாடி என்று அங்கே தண்டவாளம் ஐந்து பக்கம் பிரிகிறது. எதில் ஏறுவது? திங்கள்தோறும் திண்டிவனம் பக்கம் என்று வழக்கம் வைத்துக்கொண்டால் ஒரே மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். திங்களன்று எல்லோரும் உத்தமர்கள். செவ்வாயன்று கவுன்ட்டரில் ஈ ஓட்டலாம்.

ஆகவே அவர் கணிக்க முடியாதபடி மாற்றி மாற்றி வர வேண்டும். சரி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை? இதற்கு விடை காண ரயிலை விட்டுவிட்டுக் கொஞ்சம் திண்ணைக்குப் போவோம்.

‘ஒத்தையா ரெட்டையா’ ஆடாத பிள்ளை உண்டா? கைக்குள் புளியங்கொட்டையை மறைத்துக் கேட்க வேண்டும். எதிராளி சரியாகச் சொன்னால் கையில் இருப்பது அவருக்கு; தப்பாகச் சொன்னால் அதே அளவு அவர் தர வேண்டும். ஒன்று அல்லது இரண்டு கொட்டைதான் மறைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால் போதும் என்றுதான் தோன்றும். அப்படி வைத்தால் தோற்போம். எதிராளி எப்போதும் ‘ரெட்டை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், ஒற்றை வந்தபோது ஒரு கொட்டை இழப்பார், இரட்டை வந்தபோது இரண்டு பெறுவார். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கொட்டை நமக்கு நஷ்டம்.

மூன்றில் இரண்டு தடவை ஒற்றை, ஒரு தடவை இரட்டை வைத்துப் பாருங்கள். ‘ரெட்டை’ என்பவர் இரண்டு தடவை ஒவ்வொன்று இழந்து ஒரு தடவை இரண்டு பெறுகிறார், கணக்கு நேர். ‘ஒத்தை’ என்பவருக்கும் நேர்தான். எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டோம். இப்படி உத்திகளைக் கலந்து ஆடி எட்டும் நிலைக்குக் கலப்பு உத்திச் சமநிலை என்று பெயர். அதைக் கண்டுபிடிக்கும் வித்தை இதுதான்: என் கலவையை என் லாபத்தை வைத்து நிர்ணயிப்பதில்லை, எதிராளியின் லாப நஷ்டத்தை வைத்து நிர்ணயிக்கிறேன். ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம் என்னும் இருவர் ஆட்டங்களில் இப்படியொரு கலவை கட்டாயம் இருக்கும் என்று 1928-இல் கணிதவியலர் ஜான் வான் நியூமன் நிறுவினார். எத்தனை பேர் ஆடினாலும், லாப நஷ்டம் எப்படி இருந்தாலும் சமநிலை உண்டு என்று 1950-இல் இன்னொரு கணிதவியலர் ஜான் நாஷ் காட்டினார். நம்மவர்களான டி. பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் இருவர் ஆட்டங்களைப் பற்றி 1971-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வண்டி ஏறலாம். கட்டணம் 10 ரூபாய், பிடிபட்டால் கட்டணமும் 250 ரூபாய் அபராதமும் சேர்த்து 260 என்று கொள்வோம். 26 பயணத்துக்கு ஒரு தடவை டிடிஆர் வந்தால், டிக்கெட் எடுப்பதும் எடுக்காததும் பயணிக்குச் சரிசமம். அபராதம் 50 ரூபாயாக இருந்த பழைய காலத்தில் ஆறுக்கு ஒரு தடவை வந்திருக்க வேண்டும்.

டிடிஆர் பக்கம்: ஒரு பெட்டியைச் சோதிக்கும் நேரத்தின் மதிப்பு 520 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஆளுக்கு 260 கிடைத்தால், பெட்டிக்கு சராசரி இரண்டு வித்தவுட் இருக்கும்போது ஏறுவதும் ஏறாததும் அவருக்கு ஒன்றுதான். மூன்றானால் ஏறுவது லாபம். பழைய அபராதத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஒன்பது இரண்டாகக் குறைந்ததே, அபராதத்துக்குப் பயந்துதானே என்பீர்கள். இல்லை. கணக்கின்படி பயணியின் நிலை மாறவேயில்லை. ஆறில் ஒன்றானாலும் 26-இல் ஒன்றானாலும் அவருக்கு இரண்டும் சரிசமம்தான். மாறியது டிடிஆரின் ஆதாயம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். பெட்டி நிறைய ஜனம் வேடிக்கை பார்க்க டிடிஆர் முன் தலைகுனிந்து நிற்பதற்கு விலை என்ன? அதற்கும் 260 ரூபாய் போடுங்கள். மொத்த அடி 520. இனி 52 பயணத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். ஆனால் அந்த அவமானத்தில் ஒரு காசும் ரயில்வே கணக்கில் ஏறாது. அதனால் வித்தவுட் அதே இரண்டு பேர்! சோதனை பாதியாகிறது, தப்பு அப்படியே இருக்கிறது. அரசியல் அறிஞர் ஜார்ஜ் செபெலிஸ், போலீஸையும் வண்டியோட்டிகளையும் வைத்து, தண்டனையைக் கூட்டுவதால் குற்றம் குறையாது என்று 1990-இல் எழுதியபோது பலத்த சர்ச்சை எழுந்தது. கணக்கு சரிதான். ஆனால் மனிதர்கள் இத்தனை துல்லியமாகக் கணக்குப் போடுகிறவர்கள்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கூச்சத்தின் விலையும் ஆளுக்கு ஆள் வேறு.

கலவை தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, அதன்படி ஆடவும் வேண்டும். அங்கேதான் மனித மூளை சறுக்குகிறது. மனம்போன போக்கில் வைக்கச் சொன்னால், ஒற்றை இரண்டு தடவை வந்ததுமே கை தானாக இரட்டைக்குப் போகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஆடிப் பாருங்கள்; பத்தாவது ஆட்டத்துக்குள் உங்களைப் பிடித்துவிடுவார்கள். இந்தச் சறுக்கலைத் தவிர்க்க, லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் 2007 முதல் சோதனைச் சாவடிகளை எப்போது எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு மென்பொருள் வந்தது. இந்திய வம்சாவளியினரான மிலிந்த் தம்பேயின் குழு அதை உருவாக்கியது. அதே குழு அந்நகர மெட்ரோ ரயிலில் டிக்கெட் சோதனைக்கும் அட்டவணை போடும் முறையை வகுத்தது.

விழுப்புரத்தில் அவ்வளவெல்லாம் வேண்டாம். ஐந்து தடத்துக்கும் சம பங்கு என்றால், பிளாட்பாரத்தில் நின்று கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தால் போதும்: முதல் பன்னிரண்டு விநாடிக்குள் இருந்தால் சென்னை வண்டி, அடுத்த பன்னிரண்டு என்றால் திருச்சி. முள் எங்கே நிற்கும் என்று டிடிஆருக்கே முன்கூட்டித் தெரியாது. திண்டிவனத்தில் காத்திருப்பவருக்கு எங்கே தெரியப்போகிறது?