பையில் போகும் சைக்கிள்!

பவுர்ணமி வந்தால், திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி மனிதத் தலைகள்தான்! பக்தர்கள் நடந்து சுற்றும் அந்தக் கிரிவலப் பாதையின் நீளம், 14 கி.மீ., கூட்டமில்லாத ஒரு நாள், அதே பாதையில் குட்டியூண்டு மடக்கு சைக்கிளில் போனால்? வாங்க குட்டீஸ், கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

அந்தச் சைக்கிளின் பெயர், ‘ஏ - பைக்!’ பிரிட்டனின் சர் கிளைவ் சின்க்ளேர், 2006ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். பாக்கெட் கால்குலேட்டர், சின்னக் கம்ப்யூட்டர் என, எதையும் சிறிதாக்கிப் பார்ப்பதில் அவருக்கு அலாதி ஆசை. 2021ல் காலமானார்.

ஏ - பைக்கின் எடை, ஆறு கிலோவுக்கும் குறைவு. மடக்கிப் பையில் போட்டு, பஸ் ஏறி விடலாம். சக்கரத்தின் விட்டம், 6 அங்குலம். உங்க ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் அளவுதான்! ஒரு முறை உருண்டால், 48 செ.மீ., நகரும். கிரிவலம் முடிக்க, 29 ஆயிரம் சுற்று! தாத்தாவின் 28 அங்குலச் சக்கரத்துக்கோ, ஆறாயிரத்துச் சொச்சம் போதும்.

‘ஐயோ, கால் என்னாவது?’ பயப்படாதீங்க! பல்சக்கரங்களில் இரண்டு கட்டமாகச் செயின் பூட்டியிருப்பதால், பெடலை ஒரு சுற்று மிதித்தாலே, சக்கரம் பல சுற்று ஓடும்.

ஆனால், ரோட்டில் பள்ளம் வந்தால்? பெரிய சக்கரம், குழியின் விளிம்புகளைத் தொட்டபடி தாண்டி விடும். குட்டிச் சக்கரமோ, குழிக்குள்ளேயே இறங்கி, ஆளையும் குலுக்கி எடுக்கும். வேகத்தடையிலும் இதே பாடுதான். இறங்கித் தள்ளுவது நல்லது.

லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி உருவாக்கிய, ‘பிராம்ப்டன்’ மடக்கு சைக்கிளுக்கு, 16 அங்குலச் சக்கரம். குலுக்கல் குறைவு, சுமக்கும் எடை அதிகம். பின்னாளில் வந்த ஏ - பைக்கிலும், சக்கரத்தை 8 அங்குலமாக்கினர். அதில் கிரிவலம் போனால், எத்தனை சுற்று? பேப்பரை எடுங்க!