பிளஸ் டூ வரைதான் சைக்கிளா? - ஜென்ட்ஸ் சைக்கிளையும் விடாத புதுக்கோட்டைப் பெண்கள்!

காலை எட்டே முக்கால் மணிக்கு எந்த ஊர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றாலும் ஒரே காட்சிதான். ரெட்டை ஜடை, முதுகில் பை, கூடையில் டிபன் பாக்ஸ், கேரியரில் தோழி. வரிசையாக வரும் லேடீஸ் சைக்கிள்களுக்கு டீக்கடைக் கூட்டமே ஒதுங்கி வழிவிடும்.

அதே பெண்களைப் பத்து வருடம் கழித்துத் தேடிப்பாருங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள், அல்லது வேறு யாரோ ஓட்டும் பைக்கின் பின்சீட்டில் இருப்பார்கள். அந்த சைக்கிள்? அப்பா வயலுக்கு எடுத்துப்போகிறார், தம்பி டியூஷனுக்கு எடுத்துப்போகிறான். கல்யாணச் சீரில் பீரோ போகும், கட்டில் போகும். அவள் மிதித்த சைக்கிள் மட்டும் போகாது.

பெண் கைக்கு சைக்கிள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பீகாரில் 2006-ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் கூடியதாகக் கண்டார்கள். ஆண்-பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டிலும் 2001-02-ல் பிளஸ் ஒன் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு மாணவர்களுக்கும் சேர்த்து விரிந்தது.

ஆனால், அதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. புடவை கட்டிய, குழந்தை பெற்ற பெண்கள்?

அதற்கு 1991-ம் ஆண்டு புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தது. கூடவே பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடனும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என எல்லோரும் பெடலில் கால் வைத்தார்கள். தெருவில் கேலி, கிண்டல், கேட்க முடியாத பேச்சு எல்லாம் இருந்தது. அதைத் தாண்டித்தான் ஓட்டினார்கள்.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில் பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். பிறகு இந்த மாவட்டத்துக்கு வந்து இதை விரிவாகப் பதிவு செய்தவர் பத்திரிகையாளர் பி.சாய்நாத்.

அவர் எழுதியதில் ஓர் இடம் சுவாரஸ்யமானது. அத்தனை பேருக்கும் லேடீஸ் சைக்கிள் எங்கே போவது? கடைகளில் தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துவிட்டார்கள். சிலருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. காரணம், சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே இருக்கும் அந்த 'பார்'. குழந்தையை அதில் உட்கார வைக்கலாமே!

சைக்கிள் கம்பெனிக்காரர்கள் பெண்களின் பாவாடைக்காக 'பார்' இல்லாத சைக்கிள் செய்தார்கள். நம் பெண்களோ அந்த 'பாரை' வைத்தே குழந்தைக்கு ஒரு சீட் கண்டுபிடித்தார்கள். (பைக்கின் பின்சக்கரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நாம் அதை 'சாரி கார்டு' என்போம். புடவைக்காரர் பின்னால்தான் உட்காருவார் என்று பெயரிலேயே முடிவு கட்டியாகிவிட்டது!)

சைக்கிள் வந்ததும் அந்தப் பெண்களின் ஒரு நாளே மாறியது. அதுவரை விளைபொருளை விற்கப் பக்கத்து ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த பஸ் ஸ்டாப்புக்கே அப்பாவோ அண்ணனோ புருஷனோ கொண்டுவிட வேண்டும். வீட்டில் குழந்தைகளைப் பார்க்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பாதி வியாபாரத்திலேயே ஓடிவருவார்கள். சைக்கிள் வந்த பிறகு கூடுதலாக நாலு ஊர் சுற்ற முடிந்தது. காசும் கூடுதலாக வந்தது. தண்ணீர்க் குடமும் கேரியரில் ஏறியது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வேலைக்குப் போகும் ஆண் பெரும்பாலும் வீட்டிலிருந்து கிளம்பி ஒரே இடத்துக்குப் போய்த் திரும்புகிறார். பெண்ணுக்கோ பிள்ளையை ஸ்கூலில் விட்டு, ரேஷன் கடை, மருந்துக் கடை, வேலை, திரும்பக் காய்கறி என நாலைந்து சின்னத் தூரங்கள். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரங்கள் அவை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு வண்டி இருந்தால் அது ஆணோடு போய்விடும்.

நெதர்லாந்தில் கதை நேரெதிர். அங்கே சைக்கிள் பயணங்களில் பாதிக்கும் மேல் பெண்களுடையவை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெண்கள்தான் குறைவு. நெதர்லாந்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, தனி சிக்னல். லாரி உரசும் பயம் இல்லாத ரோட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அம்மாக்கள் போகிறார்கள். நம் மாநில நெடுஞ்சாலையில் அப்படிப் போகச் சொன்னால் எந்த அம்மாவும் யோசிப்பார்.

'இப்போ ஸ்கூட்டி காலம். யார் மிதிப்பாங்க?' என்பீர்கள். நியாயம்தான். 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களின் ஸ்கூட்டருக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. ஆனால் மீதிப் பணம், பெட்ரோல், லைசென்ஸ் எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கட்டுப்படியாக வேண்டுமே.

2021 மே முதல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ வீடுகளில் மாதச் செலவு குறைந்திருக்கிறது. அந்த பஸ் மெயின் ரோட்டில் வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களில், காலை ஆறரை மணிக்கு, 'பஸ் ஸ்டாப் வரைக்கும் கொஞ்சம் கொண்டுவிடேன்' என்று இன்னமும் மகனை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள் அம்மாக்கள். அவள் பள்ளிக்கு மிதித்த சைக்கிளோ, பிறந்த வீட்டுத் திண்ணையில் டயர் பஞ்சராகிச் சாய்ந்து நிற்கிறது.